உலாவியை ஏன் மாற்ற வேண்டும்?

ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களில் பலருக்கு இணையம் என்றாலே திரையில் இருக்கும் அந்த நீல நிற 'ஈ'தான் (பறக்கிற ஈ இல்லை :-)). அதன் பெயர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்பதும், அது ஒரு மென்பொருள் மட்டுமே என்பதும், பிடிக்காவிட்டால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம் என்பதும் பெரும்பாலானோருக்குத் தெரியாது. இன்று அந்த இடத்தில் குரோமின் வண்ணச் சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. படம் மாறியிருக்கிறது, பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்பது நியாயமான கேள்வி. எந்த உலாவி வேகமானது என்று பட்டிமன்றம் நடத்துவதில் இப்போது பெரிய அர்த்தம் இல்லை. எல்லாமே போதுமான வேகத்தில்தான் ஓடுகின்றன. மாற்றச் சொல்வதற்கான காரணம் வேறு. எல்லோரும் ஒரே உலாவியைப் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பது உலகம் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்த கதை.

விண்டோஸோடு இலவச இணைப்பாக வந்த எக்ஸ்ப்ளோரர், நெட்ஸ்கேப்பை ஓரங்கட்டி சந்தையைப் பிடித்தது. அதன் ஆறாம் பதிப்பு வந்தது 2001 ஆகஸ்டில். ஏழாம் பதிப்பு வந்ததோ 2006 அக்டோபரில். முழுசாக ஐந்து வருடம்! போட்டிக்கு ஆளில்லாத கடையில் சரக்கு அப்படித்தான் இருக்கும். நடுவில் பாதுகாப்பு ஓட்டைகள் அதிகமாகி, 2004 ஜூனில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே, தப்பிக்கும் வழிகளில் ஒன்றாக வேறு உலாவியைப் பயன்படுத்துவதையும் சொல்ல வேண்டி வந்தது.

அந்த வருடம் நவம்பர் 9ஆம் தேதி ஃபயர்பாக்ஸ் 1.0 வெளியானது. நம்மூர் வலைப்பதிவர்கள் செல்லமாக 'நெருப்புநரி' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். ஒரே சன்னலுக்குள் பல டேப்கள், துள்ளி வந்து விழும் விளம்பரங்களுக்குத் தடை, வேண்டிய வசதியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள நீட்சிகள் என்று எல்லாம் இருந்தன. கோடிக்கணக்கானோர் மாறினார்கள். அதற்குப் பிறகுதான் எக்ஸ்ப்ளோரர் 7 டேப்களோடு வந்தது. கவனிக்க வேண்டிய இடம் இது. எக்ஸ்ப்ளோரரை விட்டு நகராமல் இருந்தவர்களுக்கும் நல்லது நடந்ததற்குக் காரணம், விட்டுப் போனவர்கள்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனிக் கதை உண்டு. அன்றைய தமிழ்த் தளங்களில் பல, தங்களுக்கென்று தனி எழுத்துரு வைத்திருந்தன. அதைத் தானாக இறக்கிக் காட்டும் 'டைனமிக் ஃபான்ட்' வித்தை எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்தது. நெருப்புநரிக்காரர்களுக்குக் கிடைத்தது புரியாத கிறுக்கல். யுனிகோடு தளங்களிலும் தொல்லை தீரவில்லை. வரிகளை இரண்டு பக்கமும் சீராக்கும் 'ஜஸ்டிஃபை' போட்டிருந்தால், விண்டோஸில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று தமிழ் உடைந்து தெரிந்தது. "தயவுசெய்து ஜஸ்டிஃபை எடுத்துவிடுங்கள்" என்று பதிவு பதிவாகப் போய்க் கெஞ்சியவர்கள் உண்டு. இந்தக் குறை 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3இல் தீர்ந்தது. எக்ஸ்ப்ளோரரில் மட்டும் பார்த்துத் தளம் அமைத்தவருக்கு, தன் தளம் இன்னொருவருக்கு உடைந்து தெரிகிறது என்பதே தெரியாது. அதைச் சொல்ல வேறு உலாவியில் ஒருவராவது இருக்க வேண்டியிருந்தது.

அப்படிச் சொல்ல ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவைப் பார்க்கலாம். 1990களின் கடைசியில் அந்த நாடு இணைய வங்கிச் சேவைக்கான பாதுகாப்பை எக்ஸ்ப்ளோரரின் 'ஆக்டிவ்எக்ஸ்' நுட்பத்தின் மேல் கட்டியது. விளைவு, வங்கிக்கும் ஷாப்பிங்குக்கும் அரசு வேலைக்கும் பல வருடங்கள் எக்ஸ்ப்ளோரரே கதி. உலகிலேயே வேகமான இணைய இணைப்புகளை வைத்திருந்த நாட்டுக்கு இந்த நிலைமை! கட்டிய முடிச்சை அவிழ்க்க இருபது வருடம் ஆனது. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரருக்கு விடை கொடுத்தபோது, அங்கே ஒரு கணினிப் பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே நட்டுவிட்டார். மற்ற உலாவிகளை டவுன்லோட் செய்ய நல்ல கருவியாக இருந்தது என்று அதில் பொறித்திருந்தார்.

சரி, இன்றைய நிலவரம்? குரோம் 2008 செப்டம்பரில் வந்தது. ஓபரா 2013இல் சொந்த எஞ்சினைக் கைவிட்டு குரோமின் அடிப்படையான குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜும் 2020 ஜனவரியில் அதே வழிக்கு வந்தது. அதனால் விண்டோஸில் குரோமை விட்டு எட்ஜுக்கோ ஓபராவுக்கோ போவது ஒரே பஸ்ஸுக்கு வேறு பெயின்ட் அடிக்கிற கதைதான். உள்ளே எஞ்சின் ஒன்றே. பரவலாகக் கிடைப்பதில் நிஜமாகவே வேறு எஞ்சினோடு ஓடுவது ஃபயர்பாக்ஸ்தான். அதன் பங்கும் ஒற்றை இலக்க சதவீதத்துக்குச் சுருங்கிவிட்டது.

குரோம் ஒன்றும் எக்ஸ்ப்ளோரர் 6 இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது தூங்குவதில்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. குரோமியத்தின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஆனால் அதில் எது இருக்கலாம், எது போகலாம் என்று கடைசியில் முடிவு செய்வது விளம்பரத்தில் சம்பாதிக்கும் ஒரு நிறுவனம். நீட்சிகளுக்கான விதிகளை கூகுள் மாற்றியதில், விளம்பரத் தடுப்பானான 'யூபிளாக் ஆரிஜின்' 2024, 2025இல் குரோமில் படிப்படியாக முடக்கப்பட்டது. ஃபயர்பாக்ஸில் அது இன்னும் முழுசாக வேலை செய்கிறது. பாதுகாப்புக்காகத்தான் மாற்றினோம் என்கிறது கூகுள். இருக்கட்டும். பிடிக்காதவர் போவதற்கு இன்னொரு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"ஃபயர்பாக்ஸே கூகுள் தரும் பணத்தில்தானே ஓடுகிறது?" என்று மடக்குபவர்கள் உண்டு. உண்மைதான். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்குக் கிடைப்பது. ஆனாலும் கடைத்தெருவில் இரண்டு கடை இருப்பது வேறு, ஒரே கடை இருப்பது வேறு, இரண்டாவது கடைக்காரர் முதல் கடைக்காரரிடம் கடன் வாங்கியிருந்தாலும் கூட!

மாறுவது பெரிய வேலையும் இல்லை. ஃபயர்பாக்ஸை இன்ஸ்டால் செய்தால் புக்மார்க்குகளைப் பழைய உலாவியிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டுகள் தானாக வராவிட்டால், குரோமிலிருந்து ஒரு கோப்பாக எடுத்து இதில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றியதும் அந்தக் கோப்பை மறக்காமல் அழித்துவிட வேண்டும், அதில் எல்லா பாஸ்வேர்டும் அப்பட்டமாக இருக்கும். குரோமைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஒரு ஓரமாக இருக்கட்டும். ஏதாவது தளம் நெருப்புநரியில் திறக்க மறுத்தால் அதற்கு மட்டும் குரோமைத் தட்டிக்கொள்ளலாம். கையோடு அந்தத் தளத்துக்காரருக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. அவருக்கு அது தெரிய வேறு வழியில்லை.

முதல் இரண்டு நாள் கை பழைய இடத்துக்கே போகும். ஒரு வாரத்தில் பழகிவிடும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போவதற்குத் தடையேதும் இல்லை. கொரியர்களுக்குப் பல வருடங்கள் கிடைக்காமல் போன வசதி அதுதான்.