கை நடுங்கினால் தறி ஓடாது

பி.காம் படிக்கிறவனுக்கு மாத்திரையைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்காதீர்கள். இதில் கூலிக் கணக்கும் இருக்கிறது :)

எங்கள் ஆரணியில் பட்டு நெய்கிறவருக்குக் கையும் காலும்தான் மூலதனம். கால் மிதிக்க வேண்டும், கை நாடாவை விட வேண்டும், அறுந்த இழையை விரல் நுனியால் முடிச்சுப் போட வேண்டும். கூலி சேலைக் கணக்குதான், மாதச் சம்பளம் கிடையாது. அவருக்கு மனச்சிதைவு நோய் வருகிறது. மாத்திரையில் காதில் கேட்ட குரல்கள் அடங்குகின்றன. வீட்டில் "குணமாயிடுச்சு" என்று நிம்மதி. ஆனால் கை நடுங்குகிறது, தறியில் உட்கார முடியவில்லை. இது என்ன குணம்?

ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்கின்றன. குரல்கள் அடங்குவது அதனால்தான். உடல் அசைவைச் சீராக வைப்பதும் அதே டோபமின்தான் என்பதுதான் சிக்கல். அங்கேயும் தடை விழுந்தால் கழுத்து இழுத்துக்கொள்ளும், கை இறுகும், நடுங்கும். சிலருக்கு ஒரு இடத்தில் உட்காரவே முடியாது. (இதை 'நோய் முத்திப்போச்சு' என்று நினைத்து டோஸை ஏற்றினால் இன்னும் மோசம்.) பல மாதங்கள், வருடங்கள் கழித்து வாயும் நாக்கும் தானாக அசைவதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். மாத்திரையை நிறுத்தினாலும் அது போகாமல் இருக்கலாம்.

எங்கள் தெருவில் ஒருவர், கால் ஓரிடத்தில் நிற்காத தொல்லை தாங்காமல், மாத்திரையை வாயில் ஒதுக்கித் துப்பிக்கொண்டிருந்தார். சில மாதத்தில் குரல்கள் திரும்பிவிட்டன. தெருவே அவரைத் திட்டியது. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. "கால் எப்படி இருக்கு?" என்று அவரை யாருமே கேட்கவில்லையே!

அதற்காக எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடுவதும் தப்பு. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கியது ஸ்கார்ஃப் அமைப்பு. அவரும் டாக்டர் தாரா முதலானோரும் ஸ்காட்லாந்து மருத்துவர் மெக்கிரீடியுடன் சேர்ந்து சென்னையில் 308 பேரைப் பரிசோதித்து 1996-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். தானாக வரும் அசைவுகள் நோயில்லாதவர்களில் 15 சதவீதம் பேருக்கு, மாத்திரை சாப்பிட்ட நோயாளிகளில் 41 சதவீதம் பேருக்கு. மாத்திரையே தொடாத நோயாளிகளில்? 38 சதவீதம்! அவர்கள் 21 பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பேச்சுக்கு இது நல்ல பதில். நடுக்கமும் இறுக்கமும் தொடாதவர்களில் 24, சாப்பிட்டவர்களில் 36. அந்த வித்தியாசமும் சும்மா விடக்கூடியதல்ல.

நடுக்கத்துக்கு வழி உண்டு. டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், டி.எச்.பி. மாத்திரை சேர்க்கலாம் (டார்டிவ் வகைக்கு இது உதவாது). குளோசபினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் ரத்தப் பரிசோதனை விடாமல் செய்ய வேண்டும். எதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும், நாமாக அல்ல.

டாக்டருக்குத் தெரிந்தால்தானே செய்வார்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையின் பக்கவிளைவுகளைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. ஆனால் கூட்டமான ஓ.பி.யில் "தூங்குறாரா, சாப்பிடுறாரா, கத்துறாரா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "என்ன வேலை பார்க்கிறீங்க, அதைச் செய்ய முடியுதா?" என்பதும் சீட்டில் ஏறவேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், அவர் தார் சுற்றுவதையோ எழுதுவதையோ செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள்.