மூலப்படையும் கூலிப்படையும்

ஒரு காற்பந்துப் பருவம் முடிந்து மறு பருவம் தொடங்கும்வரை உள்ள மாதங்களில் ஈப்போவின் தேநீர்க் கடைகளில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு குறைந்துவிடும்; பெயர்களைப் பற்றிய பேச்சு பெருகிவிடும். யார் போகிறார், யார் வருகிறார், பிரேசிலிலிருந்து வரப்போகும் தாக்குதல் ஆட்டக்காரர் எத்தனை கோல் போட்டவர் என்னும் ஆராய்ச்சி நள்ளிரவுவரை நீளும். சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும், தோட்டங்களை விட்டு வெளியேறிய மக்கள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதிகளில், இந்த ஆராய்ச்சியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: "பட்டியலில் நம் பையன் எவனாவது இருக்கிறானா?"

கேள்வியில் குற்றமில்லை, காலந்தான் கடந்துவிட்டது. பட்டியல் வெளியாகும் நாளில் பையனைத் தேடுவது, நடவு நாளில் விதைநெல்லைத் தேடுவதை ஒக்கும். பேரா அணி தவறான ஆட்டக்காரர்களை வாங்கியதால் கெட்டது என்று இரசிகர்கள் கூறுகின்றனர். வாங்குவதுதான் அணி அமைப்பது என்று நம்பியதால் கெட்டது என்பதே உண்மை.

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், பரிமேலழகர் அங்கே எண்ணிக் காட்டும் அறுவகைப் படைகளை அறிவர். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்னும் ஆறனுள் மூலப்படையே சிறந்தது என்பது அவர் கொள்கை. தலைமுறை தலைமுறையாக ஒரு மண்ணைச் சார்ந்து நிற்பது மூலப்படை; ஊதியத்துக்காக வந்து நிற்பது கூலிப்படை. கூலிப்படை வேண்டாம் என்று எந்த அரசனும் இருந்ததில்லை. ஆனால் மூலப்படையைக் கலைத்துவிட்டுக் கூலிப்படையை மட்டும் நம்பியவன் நிலைத்ததுமில்லை.

பேராவுக்கு மூலப்படை இல்லாமற் போனது எப்போது? அதன் காற்பந்து வரலாறு நேற்று முளைத்ததன்று. மலாய்க் கூட்டு மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பல் 1921-இல் இந்நாட்டுக்கு வந்தது. அதன் மாலுமிகள் அளித்த கிண்ணமே பின்னர் மலேசியக் கிண்ணமாயிற்று. அக்கிண்ணத்தைப் பேரா 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 ஆகிய எட்டு ஆண்டுகளில் வென்றுள்ளது. இவற்றுள் முதல் ஐந்து வெற்றிகளும் அரைத் தொழில்முறைக் காற்பந்து நாட்டில் தொடங்கிய 1989-ஆம் ஆண்டுக்கு முற்பட்டவை. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பந்தாடியவர்களின் காலம் அது. அணிக்குரியவர்களை அக்காலத்தில் ஊர்த்திடல்கள் ஈன்றன, சந்தை ஈனவில்லை.

சந்தையின் காலத்திலும் வெற்றி வந்ததே என்று கேட்கலாம். வந்தது. 2018 அக்டோபர் 27 இரவு ஷா ஆலம் அரங்கில் திரங்கானுவுடன் 3-3 எனச் சமநிலை கண்டு, பினால்டி உதைகளில் பேரா வென்றது. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது. அதே ஆண்டு சூப்பர் லீக்கிலும் இரண்டாம் இடம். பயிற்றுநர் மெஹ்மெட் துராகோவிச் அமைத்த அந்த அணியில் பிரேசில் நாட்டவரும் இருந்தனர். பார்த்திபனும் கென்னி பால்ராஜும் இருந்தனர். உள்ளூராரும் வெளியாரும் கலந்த நல்ல அணி அது. அதைக் குறை கூறுவோர் நன்றி கொன்றவராவர்.

ஆயினும் அந்த அணி எத்தனை நாள் நின்றது? 2020 பருவம் முடிந்ததும் சம்பள நிலுவை பற்றிய செய்திகளுக்கிடையே கட்டு அவிழ்ந்தது. பயிற்றுநர் போனார். பிரண்டன் கான் சிலாங்கூருக்கும், ஷாருல் சாட் ஜொகூருக்கும் போயினர். கிண்ணம் வென்ற மூன்றே ஆண்டுகளில், 2021-இல், பேரா சூப்பர் லீக்கிலிருந்து தரம் இறங்கியது. 2023-இல் மீண்டு வந்தது. பின்னர் 2025-26 பருவம் தொடங்குமுன், பணமுடையால், போட்டியிலிருந்தே விலகியது. நூறாண்டு கடந்த ஓர் அணி களத்தில் தோற்று வீழவில்லை. கணக்குப் புத்தகத்தில் வீழ்ந்தது.

போனவர்களைத் துரோகிகள் என்று ஏசிய இரசிகர்கள் உண்டு. இது நெறியன்று. ஊதியத்துக்கு வந்தவன் ஊதியம் நின்றால் போவான். அவனுக்கும் குடும்பம் உண்டு. கூலி என்னும் சொல்லின் கசப்பைத் தோட்டத் தமிழரைவிட நன்கறிந்தவர் யார்? உழைத்தவனுக்கு உரியதைக் கொடுக்காதவனே குற்றவாளி. கூலிப்படையை நம்புகிறவன் கூலியையாவது ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். மூலப்படையையும் வளர்க்காமல், கூலியையும் கொடுக்காமல் கிண்ணக் கனவு காண்பது எந்தக் கணக்கு?

"இது தொழில்முறைக் காலம், வெளிநாட்டார் இல்லையேல் தரம் இல்லை" என்பது நிருவாகிகள் பாடும் பழைய பாட்டு. இதற்கு மறுமொழி இந்நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. அந்த 2009-இல்தான் கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா இருபதாண்டுகளுக்குப்பின் சீ விளையாட்டுத் தங்கத்தை வென்றது. 2010-இல் அவரே தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணத்தையும் பெற்றுத் தந்தார். தடை ஒன்றே இவ்வெற்றிகளைத் தந்தது என்று கூறுதல் மிகை. ஆனால் உள்ளூர் இளைஞனுக்கு ஆட இடம் கொடுத்தால் தரம் தாழ்ந்துவிடும் என்னும் அச்சத்தை அந்த ஈராண்டுகளும் பொய்யாக்கின.

இனி, மூலப்படை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். விடியலில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, பால் சுமந்து, மாலையில் லயத்துக்குப் பின்னால் இருந்த திடலில் வெறுங்காலோடு பந்தாடியவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே? இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்பு நிலங்களாயின. ஒப்பந்த முறையில் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். மூன்று தலைமுறையாக மரம் சீவியவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். லயம் போனபோது அதனோடு திடலும் போயிற்று; போன திடலுக்காக எவரும் இழப்பீடு கேட்கவில்லை.

வளர்த்தவனை அனுப்பிவிட்டு ஒப்பந்தத்துக்கு ஆள் பிடிக்கும் அந்தத் தோட்ட நிருவாகப் புத்திதான் காற்பந்துச் சங்கங்களிலும் குடிபுகுந்துவிட்டது. அங்கே பெரட்டுப் பட்டியல் மாறியது. இங்கே அணிப் பட்டியல் மாறுகிறது. இரண்டு இடத்திலும் வந்தவன்மீது குற்றமில்லை. மண்ணின் பிள்ளையை வளர்ப்பது செலவு, ஆளை வாங்குவது முதலீடு என்று எழுதும் பேனாவின்மீதே குற்றம்.

தமிழ்ச் சமுதாயமும் தப்பிக்க முடியாது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு சூப்பர் லீக்கில் நுழைந்தது. பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ், கடைசிப் பருவமான 2022-இல் உள்நாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டே ஆடியது. அதன்பின் தானே விலகிக்கொண்டது. அந்த அணியின் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கிச் சென்ற தமிழர் எத்தனை பேர்? ஐரோப்பிய அணிகளின் சட்டையை விலை கொடுத்து வாங்குவோர், தம் இனத்தார் முயன்று கட்டிய அணியின் முகவரியைக்கூட அறியவில்லை. விலகிய செய்தி வந்த பிறகு பெருமூச்சு விடுவது, கண் கெட்ட பின் சூரிய வணக்கம் செய்வதாகும்.

பேராவில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மூலப்படைக்குரிய பாசறைகள் இன்று அவையே. ஆனால் பல பள்ளிகளில் விளையாட்டு நேரம் தேர்வுப் பயிற்சிக்கு இரையாகிறது. மாணவர் தொகை குறைந்த பள்ளியில் பதினொருவரைத் திரட்ட முடியவில்லை என்று திடலையே மூடிவிடுகின்றனர். பதினொருவர் இல்லையேல் எழுவர் ஆடலாம். ஒரு பள்ளியில் எழுவரும் இல்லையேல் அண்டைப் பள்ளி இரண்டு சேர்ந்து ஓர் அணி அமைக்கலாம். ஆண்டுக்கொருமுறை மாலையும் பொன்னாடையுமாக ஒரு போட்டி நடத்தித் தலைவர்களோடு படம் பிடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஆண்டு முழுவதும் ஒரு பயிற்றுநரை அமர்த்தலாம்.

மாநில அணியை நடத்துவோரிடமும் இரசிகர் கேட்க வேண்டியது, அடுத்து யாரை வாங்குகிறீர்கள் என்பதன்று. வாங்குமுன் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கினீர்களா? மாவட்டந்தோறும் இளைஞர் அணி இருக்கிறதா? பாகான் டத்தோவிலோ ஊத்தான் மெலிந்தாங்கிலோ பந்தாடும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஈப்போ அரங்கை அடையும் வழி எது? இம்மூன்றுக்கும் விடை தராத நிருவாகத்துக்குக் கைத்தட்டுவது, அடுத்த வீழ்ச்சிக்கு முன்பணம் செலுத்துவதற்குச் சமம்.

பேரா மீண்டும் சூப்பர் லீக்குக்கு வரலாம். பணமுள்ள ஒருவர் கிடைத்தால் ஒரே பருவத்தில் ஓர் அணியை வாங்கிவிடலாம். தேநீர்க் கடைகளில் மீண்டும் பெயர்ப்பட்டியல் விரியும். மீண்டும் அந்தப் பழைய கேள்வி எழும். அன்று விடை கிடைக்க வேண்டுமானால், இன்று மாலை ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலின் கதவைத் திறந்து, ஓர் ஆசிரியர் பந்தை உருட்டிவிட வேண்டும்.