பதினோராவது ஆட்டக்காரி

ரக்பி லீக் என்ற ஆட்டம் பிறந்ததே கூலித் தகராறில்தான். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. அதை ஈடுகட்டக் கூடாது என்று தலைமைச் சங்கம் முரண்டுபிடித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடித் தனிக்கட்சி கண்டன. கூலி இழப்புக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் என்று வைத்தார்கள். வேலையும் பார்த்துக்கொண்டு பணத்துக்கும் ஆடுகிற எந்த லீக்குக்கும் இன்றுவரை அதுதான் கணக்கு: ஆடப் போன நாளின் கூலியை யார் தருவது?

கடலூரில் இந்தக் கேள்வியைப் பெண்கள் கால்பந்தை வைத்துத்தான் கேட்க வேண்டும். 2017-18 இந்திய மகளிர் லீக்கில் ஆடிய இந்திரா காந்தி அகாடமி இந்த ஊர் அணி. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் கடலூர்க்காரர்தான். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். ஆட்டம் கிளப்பில், சோறு காக்கியில். காக்கி கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்து பி.டி. டீச்சராகப் பார்ப்பார்கள். பெற்றவர்கள் அதையே நம்புவதில் தப்பே இல்லை.

2023-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு நல்ல காரியம் செய்தது. மகளிர் லீக்கின் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றது. மாதம் 26,000-க்குச் சற்று மேலே. கைச்செலவுக் காசு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் களத்தில் இறங்குவது 11 பேர். வெளியே பெஞ்சில் இன்னும் சிலர்.

முன்பு ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்த லீக், 2023-24-இல் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாதக்கணக்கில் நீண்டது. ஆட்டத்துக்கு நல்லதுதான். சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு பெண் அணிக்குத் தேர்வாகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் லீவு கேட்டால் முதலாளி முகம் சுளித்தாவது தருவார். மூன்று மாதம் கேட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். லீக் வளர வளர அவளுடைய நஷ்டமும் வளர்கிறது. 130 ஆண்டுகளுக்கு முன் சுரங்கத் தொழிலாளிக்கு வந்த அதே சிக்கல். அவருக்கு 6 ஷில்லிங்காவது கிடைத்தது.

சம்மேளனம் விதியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். 10 என்று இருப்பதை அணியிலுள்ள அத்தனை பேருக்கும் என்று எழுதட்டும். அதுவரை கிளப்புகளாவது ஆட்ட நாட்களுக்கான கூலியைக் கணக்குப் பார்த்து அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கட்டும்.