அதிர்ஷ்டம் ரேட்டிங் ஆகும்போது

புது சீசன் நெருங்கினால் போதும், கணினியில் ஓடும் சிமுலேஷன் ஹாக்கி லீக்குகளில் முன்னோட்டங்கள் வந்து குவிகின்றன. போன முறை இத்தனை புள்ளி, கோடையில் இன்னாரை டிரேடில் எடுத்தோம், முதல் வரிசை பலமாகிவிட்டது, ஆகவே இந்த முறை பிளே ஆஃப் உறுதி. எழுதுகிறவர்களின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. வேலைக்குப் போய்த் திரும்பி, இரவில் உட்கார்ந்து நான்கு முன்கள வரிசைகளையும் மூன்று தற்காப்பு ஜோடிகளையும் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்க்கும் அணி மேலாளர்கள், அதாவது ஜி.எம்.கள், இவர்கள். ஆனால் நிஜ லீக்கான என்.எச்.எல். அணிகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகிற அதே முறையில் நம் அணிகளையும் எழுதுவதால், அவர்களுடைய உழைப்பு தவறான இடத்தில் செலவாகிறது. நம் ஆட்டத்தில் ஒரு அணியின் வாய்ப்பைத் தீர்மானிப்பது எது என்பதை இந்தச் சீசனுக்கு முன்பாவது தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

என்.எச்.எல். புள்ளிவிவரங்களை வைத்து ஆண்டுக்கொரு முறை ரேட்டிங் போடும் லீக்குகளை முதலில் எடுத்துக்கொள்வோம். எஸ்.டி.எச்.எஸ். மென்பொருளில் ஓடும் லீக்குகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஸ்கோரிங், பாஸிங், தற்காப்பு, ஸ்கேட்டிங், சகிப்புத்திறன் என்று ஒவ்வொரு வீரருக்கும் எண்கள் வரும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வில்லியம் கார்ல்சனைப் பார்ப்போம். 2016-17இல் கொலம்பஸ் அணிக்கு 6 கோல் அடித்தவர். அடுத்த சீசனில் புதிதாக உருவான வேகஸ் கோல்டன் நைட்ஸுக்குப் போனார். 43 கோல் அடித்தார். அதற்கு அவர் அடித்த ஷாட்கள் 184. நூறு ஷாட்டுக்கு 23 கோலுக்கு மேல். நன்றாகக் கோலடிப்பவர்களே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்ற அளவில் நிற்கும் லீக் அது. 2018-19இல் அவர் கோல் கணக்கு 24க்கு இறங்கியது. அவர் மோசமாகிவிடவில்லை. 184 ஷாட்டில் 43 என்பது எவருக்கும் ஆண்டுதோறும் வாய்க்காது, அவ்வளவுதான்.

2018 கோடையில் வேகஸ் அணி நிர்வாகத்துக்கு இருந்த கேள்வி, இந்த 43 திரும்ப வருமா என்பது. அதே கோடையில் சிம் லீக்கில் கார்ல்சனை வைத்திருந்த ஜி.எம்.முக்கு அந்தக் கேள்வி ஒரு வருடம் தள்ளிப்போகிறது. 43 கோலை வைத்து ஸ்கோரிங் ரேட்டிங் போட்டாகிவிட்டால், ஆட்டங்களை ஓட்டும் எஞ்சினைப் பொறுத்தவரை அவர் அசல் 43 கோல் வீரர். நிஜத்தில் அவர் அக்டோபரிலேயே தடுமாறத் தொடங்கினாலும் எஞ்சினுக்கு அது தெரியாது. நிஜ லீக்கில் மறு சீசனில் கரைந்துபோகிற அதிர்ஷ்டம், நம் லீக்கில் 82 ஆட்டத்துக்குத் திறமையாக உறைந்து நிற்கிறது.

ஆகவே, ரேட்டிங் வெளியான பிறகு எழுதப்படும் முன்னோட்டத்தில், “போன வருட அதிர்ஷ்டம் இந்த வருடம் தொடராது” என்ற என்.எச்.எல். பாடத்தை அப்படியே ஒப்பிக்கக் கூடாது. வரும் சீசனுக்குத் தாளில் உள்ள எண்ணை நம்பலாம், நம்பவும் வேண்டும். அதற்கடுத்த சீசனுக்கு நம்பக் கூடாது. அணியின் எதிர்காலத்தைப் பேசும் இடத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரு சீசன் ரேட்டிங்குக்காக முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் இரண்டைக் கொடுத்துவிடுவது நம் லீக்குகளில் அடிக்கடி நடக்கும் சேதம். உறைந்த அதிர்ஷ்டத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை இந்த சீசன் முழுக்க அனுபவிக்கலாம். டிரேடுக்கான கடைசி நாளுக்கு முன்பாக, நிஜ லீக்கில் அந்த வீரர் எப்படி ஆடுகிறார் என்று ஒரு கண் வைத்துக்கொண்டு விற்றுவிடவும் வேண்டும்.

ரிஸ்டோ ரெமெஸ் தொடங்கிவைத்த ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர், பிறகு வந்த ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் ஆகியவற்றில் ஓடும் லீக்குகளில் கதை வேறு. அங்கே வீரரின் திறமை ஆட்டத்துக்குள்ளேயே வளர்ந்து தேய்கிறது. வயதும் உள்ளார்ந்த வளர்ச்சி வாய்ப்பும் அங்கே முக்கியம். சிம் சீசனில் அவர் அடித்த கோல் எண்ணிக்கையில்தான் அதிர்ஷ்டம் ஒட்டிக்கொண்டிருக்கும், ரேட்டிங்கில் இல்லை. தன் லீக் எந்த வகை என்று முதல் பத்தியிலேயே சொல்லாத முன்னோட்டத்தைப் படிப்பதில் பயனில்லை.

அடுத்தது கோல்கீப்பர். முன்னோட்டங்களில் இவருக்குக் கடைசிப் பத்தியில் இரண்டு வரி கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் பத்தி இவருக்கே போக வேண்டும். ஒரு அணி ஆட்டத்துக்கு 30 ஷாட் வாங்குகிறது என்று வையுங்கள். ஒரு கோல்கீப்பர் 60 ஆட்டம் நின்றால் 1,800 ஷாட். தடுப்பு விகிதம் .900 உள்ளவருக்கும் .915 உள்ளவருக்கும் இடையே 27 கோல் வித்தியாசம். ஹாக்கியில் சுமார் 6 கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது நெடுநாளாக ஆய்வாளர்கள் கையாளும் கணக்கு. அப்படியானால் இது நான்கு வெற்றிக்கு மேல், ஏறக்குறைய 9 புள்ளி. 20 கோல் வீரரைக் கொடுத்து 30 கோல் வீரரை வாங்கினால் மூன்று, நான்கு புள்ளிதான் தேறும். டிரேடு பேச்சுகள் முழுக்க அந்த இரண்டாவது விஷயத்தைச் சுற்றியே நடப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கோல்கீப்பர் ரேட்டிங்கில் இன்னொரு பொறியும் உண்டு. தடுப்பு விகிதம் நிலைபெற நிறைய ஷாட் வேண்டும். உண்மையில் .910 தரமுள்ள ஒருவர் 20 ஆட்டத்தில் 600 ஷாட் சந்திக்கிறார் என்றால், வெறும் தற்செயலாலேயே அவர் .922 காட்டலாம், .898உம் காட்டலாம். இரண்டும் அபூர்வம் இல்லை. 60 ஆட்டம் நின்றவருக்குக்கூட .007 அளவு ஏற்ற இறக்கம் இருக்கும். குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கை வைக்காத ரேட்டிங் சூத்திரம், நிஜத்தில் மாற்றுக் கோல்கீப்பராக 20 ஆட்டம் நின்றவரைச் சிம் லீக்கின் சிறந்த கோல்கீப்பராக்கிவிடும். அவர் அங்கே 65 ஆட்டம் நின்று கோப்பையும் வாங்கித் தருவார். அணிக்கு மகிழ்ச்சிதான், லீக்குக்கு நல்லதல்ல.

நீண்ட ஒப்பந்தம் இருந்தால் இது இன்னும் கடுமையாகும். 2016-17இல் .931 தடுப்பு விகிதத்தோடு சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை வாங்கியவர் செர்கேய் போப்ரோவ்ஸ்கி. 2019 கோடையில் ஃபுளோரிடாவோடு 7 ஆண்டுக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அந்த அணியில் முதல் சீசன் .900. அந்த ஆண்டு என்.எச்.எல். சம்பள உச்சவரம்பு 8.15 கோடி டாலர். அதில் எட்டில் ஒரு பங்கை அவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். நிஜச் சம்பளத்தை அப்படியே ஏற்கும் சிம் லீக்கில் அவரை வைத்திருந்தவருக்கு மறு சீசன் முன்னோட்டம் எழுதவே மனம் வந்திருக்காது. அதே போப்ரோவ்ஸ்கி 2024, 2025 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை வென்ற அணியின் கோல்கீப்பர். அவசரப்பட்டு அவரைக் கைகழுவியவரும் தோற்றார். கோல்கீப்பரைப் பற்றி எழுதும்போது கடைசி சீசனை மட்டும் பார்க்காமல் மூன்று சீசன்களைச் சேர்த்துப் பாருங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

இத்தனையும் சரியாகப் பார்த்த பிறகும் ஒரு எண்ணை மட்டும் எழுதி “96 புள்ளி” என்று முடிப்பது சரியல்ல. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள அணி 82 ஆட்டத்தில் சராசரியாக 41 ஜெயிக்கும். ஆனால் அந்த எண் ஒவ்வொரு முறையும் நாலரை வெற்றி அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது சாதாரணம்; மூன்று சீசனில் ஒன்று அந்த எல்லையையும் தாண்டிப் போகும். 30 அணிகளும் எல்லா ரேட்டிங்கிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கிற ஒரு லீக்கைக் கற்பனை செய்யுங்கள். சீசன் முடிவில் முதலிடத்து அணி சுமார் 50 வெற்றியோடும் கடைசி அணி சுமார் 32 வெற்றியோடும் நிற்கும். அந்த லீக்கிலும் ஒரு ஜி.எம். சிறந்த மேலாளர் விருது வாங்குவார், ஒருவர் மனம் வெறுத்து விலகுவார். இருவரும் செய்தது ஒன்றேதான். கடைசி இடத்தில் முடித்த அணியை விட்டுப் புதியவர்கள் ஓடிப்போவது நம் லீக்குகளின் நிரந்தர நோய் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு மோசமான சீசனைப் பார்த்துத் தன் திறமையைச் சந்தேகப்படும் ஒருவருக்கு இந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் அவர் நின்றிருப்பார்.

நிஜ லீக்கே இதற்குச் சாட்சி சொல்கிறது. 2018-19இல் 62 ஆட்டம் ஜெயித்த டாம்பா பே, முதல் சுற்றில் கொலம்பஸிடம் 4-0 என்று தோற்றது. 2022-23இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனை படைத்த பாஸ்டன், 3-1 என முன்னணியில் இருந்தும் ஃபுளோரிடாவிடம் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஏழு ஆட்டத் தொடரில் நடப்பதை எவரும் சீசனுக்கு முன்பே சொல்ல முடியாது. சிம் லீக் முன்னோட்டத்தில் கோப்பை யாருக்கு என்ற பத்தியை விட்டுவிட்டால் எதுவும் குறையாது.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காயமும் களைப்பும் எஞ்சினில் இருக்கின்றன. 18 களவீரர்களில் கடைசி நால்வர், துணை அணியில் காத்திருக்கும் ஐந்தாறு பேர், மாற்றுக் கோல்கீப்பர் நிற்கப்போகும் 20 சொச்சம் ஆட்டங்கள், இவற்றைப் பற்றி ஒரு பத்தியாவது வேண்டும். ஜனவரியில் இரண்டு தற்காப்பு வீரர்கள் ஒரே வாரத்தில் காயப்பட்டால் யார் இறங்குவார் என்று சொல்ல முடியாத ஜி.எம்., தன் அணியை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. வரிசைப் பட்டியலை வாரக்கணக்கில் தொடாமல் விட்டு, காயப்பட்டவர் இடம் காலியாகவே கிடந்து தோற்கிற அணிகளை எல்லா லீக்கிலும் காணலாம். எதிரணி ஜி.எம். இப்படிப்பட்டவரா என்பதும் கணிப்பில் சேர வேண்டிய ஒன்றுதான்.

லீக் நடத்துபவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ரேட்டிங் சூத்திரத்தையும் அது வெளியாகும் தேதியையும் கோடைக்கால டிரேடு தொடங்குமுன்பே அறிவித்துவிடுங்கள். கமிஷனரே ஒரு அணியும் வைத்திருக்கும் லீக்குகள் ஏராளம், அதில் தப்பில்லை. ஆனால் மற்றவர்களுக்கு முன்னால் எண்களைப் பார்க்கிற ஒருவர் அந்த வாரத்தில் டிரேடு செய்யக் கூடாது. அதேபோல் சீசன் ஃபைலை வைத்து முன்கூட்டியே நூறு தடவை ஓட்டிப் பார்க்க அவர் ஒருவரால் மட்டும்தான் முடியும் என்ற நிலை நியாயமற்றது. ஓட்டுவதானால் முடிவுகளை எல்லா ஜி.எம்.களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். முன்னோட்டங்களின் தரம் அன்றே உயர்ந்துவிடும்.

வரும் இதழ் முதல் நாம் வெளியிடும் அணி முன்னோட்டங்களில் மூன்று தகவல்கள் கட்டாயம். எந்த வகை ரேட்டிங், கோல்கீப்பரின் மூன்று சீசன் கணக்கு, ஒற்றை எண்ணுக்குப் பதில் கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொண்ட புள்ளிக் கணிப்பு. சீசன் முடிந்ததும் ஒவ்வொரு கணிப்பையும் உண்மையான முடிவோடு அருகருகே அச்சிடுவோம். எல்லைக்குள் விழாத கணிப்பை எழுதியவருக்குக் காரணம் சொல்ல ஒரு பக்கம் ஒதுக்கப்படும். ரேட்டிங் வெளியாகி இரண்டு வாரத்துக்குள் கட்டுரைகள் வந்து சேர வேண்டும்.