பிறர் உடலைப் பற்றிப் பேசும் முன்...

நெரிசலான பெருவிரைவு ரயிலில் இருவருக்கு இடையே நுழைந்து செல்கிறோம். இடம் போதாது என்றால் தோளைச் சற்றுத் திருப்பிக்கொள்கிறோம். அதற்காக யாரும் அளவுகோலை எடுத்து அளப்பதில்லை. நம் உடல் எவ்வளவு அகலம் என்ற கணக்கை மூளை எப்போதும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கே தவறிப்போனால் என்ன ஆகும்? உணவுக் கோளாறு உள்ள பலருக்கு அதுதான் நேர்கிறது. ஆகவே, அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று பழிப்பதும், பிறர் உடலைப் பற்றி நினைத்தபடி கருத்துச் சொல்வதும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

உணவுக் கோளாறுகளுள் ஒன்று அனோரெக்சியா நெர்வோசா. எடை கூடிவிடும் என்ற கடுமையான அச்சத்தால், இந்நோய் உள்ளவர்கள் உணவை மிகவும் குறைத்துக்கொள்கிறார்கள். உடல் மெலிந்த பிறகும் தாங்கள் பருமனாக இருப்பதாகவே உணர்கிறார்கள். இது பெண்களிடம் அதிகம் காணப்பட்டாலும் ஆண்களையும் தாக்கும். மனநோய்களுள் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றுள் இதுவும் ஒன்று. எனவே, இதை 'அழகு மோகம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்நோய் உள்ள 19 பெண்களும் நோயற்ற 20 பெண்களும் வாசல் போன்ற இடைவெளிகளின் வழியே நடந்தனர். அவர்களது கவனம் வேறொரு பணியில் திருப்பப்பட்டிருந்தது. நோயற்றவர்கள், இடைவெளி தங்கள் தோள் அகலத்தைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தபோது தோளைத் திருப்பத் தொடங்கினர். நோய் உள்ளவர்களோ, 40 விழுக்காடு அதிகமாக இருந்தபோதே திருப்பத் தொடங்கினர். எடுத்துக்காட்டாக, இருவரின் தோள் அகலமும் 40 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நோயற்றவர் 50 சென்டிமீட்டர் இடைவெளி வரும்வரை நேராக நடப்பார். நோய் உள்ளவர் 56 சென்டிமீட்டர் இடைவெளியிலேயே 'இதில் நுழைய முடியாது' என்பதுபோல் திரும்பிவிடுவார்.

இது சிறிய ஆய்வுதான். ஆயினும், அது உணர்த்தும் உண்மை பெரிது. அந்தப் பெண்கள் யாரிடமும் வாதாடவில்லை. கண்ணாடி முன் நின்று கவலைப்படவும் இல்லை. வெறுமனே நடந்தார்கள். அந்த நடையிலேயே தங்கள் உடலைப் பெரிதாகக் கருதுவது வெளிப்பட்டது. எனவே, இக்கோளாறு எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. உடலின் இயக்கத்திலும் கலந்திருக்கிறது.

"கண்ணாடியைப் பார், நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய்? சாப்பிடு!" என்று சொன்னால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். போதாது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது பழமொழி. இவர்களுக்கோ, விசாரிக்க வேண்டிய மூளையே தவறான அளவைத் தருகிறது. நாம் எவ்வளவு வற்புறுத்தினாலும், அவர்களுக்கு அவர்களது உணர்வே உண்மையாகத் தோன்றும். வாக்குவாதம் அவர்களை மேலும் தனிமைப்படுத்தும்.

"அக்கறையால்தானே சொல்கிறோம்" என்பது இன்னொரு வாதம். தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போனால், "என்னம்மா, நல்லா சதை போட்டுட்டியே!" என்றோ "ஏன்டா இப்படி இளைச்சுட்டே?" என்றோ வரவேற்பது நம்மிடையே வழக்கம். சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால், உடலைப் பற்றிய கவலை மிகுந்த இளையர் அச்சொல்லைப் பல நாள் சுமக்கக்கூடும். உணவுக் கோளாறுக்கு ஒரே காரணம் கிடையாது. மரபணு, மனப்பாங்கு, சூழல் எனப் பலவும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. அவற்றுள் நம் கையில் இருப்பது நம் பேச்சுதான். அதையாவது நாம் திருத்திக்கொள்ளலாமே!

அப்படியானால், உடல்நலத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசலாம், யாரையும் தனியாகச் சுட்டிக்காட்டாமல் பேச வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992ஆம் ஆண்டில் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம், எடை மிகுந்த மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி அளித்தது. அவர்கள் கேலிக்கு ஆளானார்கள் என்ற குறை எழுந்தது. 2007ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களின் நலனையும் கருதும் அணுகுமுறை பின்பற்றப்பட்டது. பள்ளிகள் மாறின, நம் வீட்டுப் பேச்சும் மாற வேண்டும்.

உங்கள் நண்பர் உணவைத் தவிர்த்து வருவதைக் கண்டால், எடையைப் பற்றிப் பேசாதீர்கள். "நீ சோர்வாக இருப்பதுபோல் தெரிகிறது. என்னிடம் பேசலாமா?" என்று கேளுங்கள். ரகசியமாக வைத்திருக்கும்படி அவர் கேட்டாலும், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ தெரிவியுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைத் திட்டம் உள்ளது. முறையான சிகிச்சை பெற்றுப் பலர் குணமடைகிறார்கள். உடலைப் பற்றிய தவறான கணக்கைத் திருத்தும் வழிகளையும் ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள்.

ஒருவர் தம் உடலை எப்படி உணர்கிறார் என்பதை வெளியிலிருந்து பார்த்து நாம் அறிய முடியாது. ஆகவே, அடுத்த முறை உறவினரையோ நண்பரையோ சந்திக்கும்போது, "இளைத்துவிட்டாய்", "பருத்துவிட்டாய்" என்பதை விட்டுவிட்டு, "நலமா?" என்று கேட்போம். அந்த ஒரு சொல் போதும்.