இரவற் கையில் திறவுகோல்

நேற்றுவரை தானே நினைவில் வைத்திருந்த கடவுச்சொல்லைக் கணினியிலுள்ள மின்னஞ்சல் மென்பொருள் இன்று திடீரெனக் கேட்கத் தொடங்கினால் நம்மிற் பெரும்பாலோர் செய்வது என்ன? 'கணினி தெரிந்த தம்பி' ஒருவரை அழைத்துக் கடவுச்சொல்லை அவர் காதில் ஓதுகின்றோம். தம்பி எதையோ அழிப்பார். எதையோ மீளப் பதிவார். 'நினைவில் வைத்துக்கொள்' என்னும் கட்டத்தில் அடையாளமிடுவார். அஞ்சல் மீண்டும் வரும். பழுது ஏன் ஏற்பட்டது என்பது அழைத்தவருக்குத் தெரியாது. பல வேளைகளில் தம்பிக்கும் தெரியாது. இவ்வழக்கம் விரிவுரையாளர் அறையிலும் உண்டு. தோட்டப்புறத்துத் தொடர்பாடல் நிலையத்திலும் உண்டு. இதனை அற்ப விடயம் எனக் கொள்வோரோடு வழக்காடவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

எதிர்த்தரப்பாரின் வாதம் எளியது. கடிகாரம் பழுதானாற் கடிகாரக்காரரிடம் கொடுக்கின்றோம். கணினி பழுதானாற் கணினிக்காரரிடம் கொடுப்பதில் என்ன தவறு என்பர். இத்தகைய விடயத்துக்குத் தமிழ்ச் சங்க மலரில் என்ன இடம் என்றும் வினவுவர். இரண்டாவது வினாவுக்கு இறுதியில் விடை கூறுவோம். முதலாவது வினாவுக்கு விடை காணக் கொத்மலையின் அண்மைக்கால வரலாறே போதுமானது.

மகாவலித் திட்டத்தின் கீழ் எழுந்த கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் நிறைவுற்றது. அதன் அயலில் 1989இல் தொடங்கப்பட்ட கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு இணைய இணைப்பைப் பெற்றது. கணினியைக் கண்ணாற் காணாத கிராமத்தவர் தம் ஐயங்களை நிலையத்துக்கு அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்தவற்றை நேயருக்கு விளங்கும் வகையில் வானலையில் எடுத்துரைப்பார். தேடியவர் ஒருவர், பயன் பெற்றவர் பலர். தொடர்பாடற்றுறை ஆய்வாளர் பலரும் இம்முயற்சியை ஓர் எடுத்துக்காட்டாகப் பேசினர். ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தமையால் மலைச்சரிவுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு அதன் பயன் போதியளவு கிட்டவில்லை என்பது வேறு வழக்கு. ஈண்டு நாம் கருதவேண்டியது, அங்கே இடைநின்ற ஒருவரின் பணியைப் பற்றியதாகும்.

நெற்பயிரின் நோய்க்கு மருந்து யாது, காய்ச்சலுக்குக் காரணம் யாது என்பன பொது அறிவுக்குரிய வினாக்கள். இவற்றுக்கு ஒருவர் இடைநின்று விடை தேடித் தருவது அறப்பணி. ஆனால் அதே இணையத்தின் வழியே வருகின்ற தனியஞ்சல் அவ்வாறானதன்று. அது குறித்த ஒருவருக்கே உரியது. பொது அறிவுக்கு இடையாள் வேண்டும். தனியஞ்சலின் திறவுகோலுக்கு இடையாள் ஆகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணரத் தவறியதே நம் பிழை. கடிகார உவமை பொருந்தாமைக்கும் காரணம் இதுவே. கடிகாரக்காரரிடம் கொடுப்பது கடிகாரத்தை. கணினிக்காரரிடம் கொடுப்பது வீட்டுச் சாவியை.

மலையகத்தாருக்கு இவ்வேறுபாடு புத்தகத்திற் படித்து அறியவேண்டியதன்று. லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே அனைவருக்கும் முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு மொத்தமாக வந்து, பின்னர் பிரட்டுக்களத்திலோ கொழுந்து மடுவத்திலோ கைமாறும். இது பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். இன்றும் முற்றாக நீங்கியதன்று. நேர்முகப் பரீட்சை முடிந்தபின் கைக்குக் கிட்டிய அழைப்புக் கடிதங்களைப் பற்றிய முறைப்பாடு மலையகத்தில் எத்தனை தலைமுறையாகக் கேட்கப்படுகின்றது! பூண்டுலோயாவிலும் இறம்பொடையிலும் பிறந்த ஓர் இளைஞருக்குத் தம் பெயரில் அமைந்த முதலாவது முகவரி மின்னஞ்சல் முகவரியே எனின் அது மிகையன்று. துரையின் மேசையைத் தாண்டாது வந்துசேரும் முதலாவது கடிதமும் அதுவே.

அவ்வாறு கிட்டிய முகவரியை என்ன செய்தோம்? யான் அறிந்த மாணவர் ஒருவர் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் வந்தவர். உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில் நகரத்துக் கடையொன்றில் அவருக்கு முகவரி திறந்து கொடுக்கப்பட்டது. கடவுச்சொல் கடைக் கணினியின் அஞ்சல் மென்பொருளிலேயே சேமிக்கப்பட்டது. அவர் அதனை ஒருநாளேனும் தம் கையாற் பதிந்ததில்லை. பின்னர் கடைக்காரர் கணினியை மாற்றியபோது பழைய கோப்புகளைப் பிரதிசெய்தார்; அவற்றுள் ஒன்று விடுபட்டது. புதிய கணினி கடவுச்சொல்லைக் கேட்டது. அதனை அறிந்தவர் எவருமிலர். மீட்புக்கெனக் கொடுக்கப்பட்டிருந்த தொலைபேசி இலக்கமோ கடைக்காரர் எப்போதோ கைவிட்ட இலக்கம். புலமைப்பரிசில் ஒன்றுக்கான நேர்முக அழைப்பு அப்பெட்டியில் வந்து கிடந்தமை, உரிய இடத்தில் விசாரித்தபோதே தெரியவந்தது. அதற்குள் நாள் கடந்துவிட்டது. கடைக்காரர் தீயவர் அல்லர்; உதவியே செய்தார். ஆயினும் தோட்டக் காரியாலயத்து மேசை கடைக்காரரின் மேசையாக மாறியதன்றி வேறு மாற்றம் யாது?

விடுபட்ட அக்கோப்பு எது? இவ்விடத்தில் மென்பொருளின் உள்ளமைப்பைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

அஞ்சலைத் தேக்கிவைத்திருக்கும் சேவையகத்தின் வேலை கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது. சரிபார்ப்பவருக்கு மூலச்சொல் தேவையில்லை. அரைத்த தேயிலைத்தூள் மீண்டும் கொழுந்தாகாதவாறு, திரும்பப் பெறவியலாத வடிவமாக மாற்றி வைத்திருந்தாற் போதும். உரொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் யுனிக்ஸ் முறைமையின் கடவுச்சொற் பாதுகாப்புப் பற்றி 1979இல் எழுதிய கட்டுரை இதனை விளக்கியது. ஆனால் நம் மேசைமீதுள்ள அஞ்சல் மென்பொருளின் வேலை வேறு. அது ஒவ்வொரு முறையும் சேவையகத்தின் வாயிலில் நின்று கடவுச்சொல்லை எடுத்துச் சொல்லவேண்டும். ஆகவே அதனைத் திரும்பப் பெறக்கூடிய வடிவிலேயே சேமிக்கின்றது. திரும்பப் பெறக்கூடியது எனின், அதனைத் திறக்க ஒரு திறவுகோல் உண்டு. அத்திறவுகோலும் எங்கோ இருத்தல் வேண்டும்.

தண்டர்பேர்ட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது கடவுச்சொற்களை மறைகுறியாக்கி 'லொகின்ஸ்' என்னும் பெயருள்ள கோப்பில் வைக்கின்றது. அதனைத் திறக்கும் திறவுகோலை 'கீ4' என்னும் பெயருள்ள மற்றொரு கோப்பில் வைக்கின்றது. முன்னது பெட்டி, பின்னது சாவி. ஒன்றின்றி மற்றொன்றாற் பயனில்லை. மேற்கூறிய மாணவரின் வழக்கில் விடுபட்டது சாவிக் கோப்பே. இன்னுமொன்று: பயனர் 'முதன்மைக் கடவுச்சொல்' ஒன்றை அமைக்காதவரையில், பெட்டியும் பூட்டப்படாத சாவியும் ஒரே அறையில் கிடக்கின்றன. கணினியின் முன் அமரும் எவரும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சேமிக்கப்பட்ட கடவுச்சொற்கள் அனைத்தையும் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். இதற்கு மாயவித்தை எதுவும் வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும்.

இவ்வமைப்பை அறிந்தவருக்குப் பழுதுகள் குழப்பம் தருவனவல்ல. முதலிற் செய்யவேண்டியது, அதே கடவுச்சொல்லைக் கொண்டு உலாவியின் வழியே அஞ்சற்பெட்டியைத் திறந்து பார்ப்பது. அங்கே திறக்குமாயின் குற்றம் கடவுச்சொல்லில் இல்லை. மென்பொருளிற் சேமிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் பழைய சொல்லாக இருக்கலாம். பட்டியலில் அவ்வொரு பதிவை மட்டும் நீக்கிப் புதியதைப் பதிந்தாற் போதும். அஞ்சல் வருகின்றது, ஆனாற் போகவில்லை எனின், உள்வரும் சேவையகத்துக்கும் வெளிச்செல்லும் சேவையகத்துக்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு என்பதை நினைவுகூர்தல் வேண்டும். புதிய சொல்லை ஏற்றுக்கொண்ட மென்பொருள் மறுமுறை திறக்கும்போது மீண்டும் கேட்குமாயின், பெட்டியில் எழுத முடியவில்லை என்பது பொருள். வட்டு நிரம்பியிருக்கலாம், எழுதும் உரிமை இல்லாதிருக்கலாம், சாவிக் கோப்பு சிதைந்திருக்கலாம். சிதைந்ததாயின் மென்பொருளை மூடி, அவ்விரு கோப்புகளின் பெயரையும் மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டு மீளத் திறந்தால் அது புதியன ஆக்கிக்கொள்ளும். அழித்தல் கூடாது; பெயர் மாற்றினாலே போதும். முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் பெட்டியிலுள்ள சொற்கள் போயின. எனினும் கடிதங்கள் போவதில்லை.

வாயிலே மாறிவிடுவதும் உண்டு. பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்டு பிற மென்பொருள்கள் நுழைவதைக் கூகிள் நிறுவனம் தனியார் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியில் நிறுத்தியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் தனியார் அஞ்சற் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பரில் அவ்வாறு செய்தது. அதன்பின் சரியான கடவுச்சொல்லும் பிழையானதாகவே திரும்பிற்று. வேண்டியது, கணக்கு அமைப்பில் நுழைவு முறையை 'ஓஓத்2' என்பதற்கு மாற்றுவது. இதனை அறியாது கடவுச்சொல்லை மூன்று முறை, நான்கு முறை மாற்றி, ஈற்றில் எது சரி என்பதையே மறந்தவர் எத்தனை பேர்!

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். 'சேமிக்கவே வேண்டாம்; மனத்தில் வைத்துக்கொள்க' என்பார் ஒரு சாரார். இது கேட்பதற்குத் தூய்மையான கொள்கை. நடைமுறையில் அது ஒரே எளிய சொல்லை எல்லாக் கணக்குகளுக்கும் வைக்கச் செய்கின்றது. 'அழித்துவிட்டு மீள நிறுவுக' என்பார் மற்றொரு சாரார். தண்டர்பேர்ட் மென்பொருளை நீக்கினாலும் மேற்கூறிய கோப்புகள் பயனரின் கோப்புறையிலேயே இருந்துவிடுவது வழமை. மீள நிறுவியபின் பழைய பழுது மீண்டு வருவதும், விற்கப்பட்ட கணினியிற் பழைய கடவுச்சொற்கள் தங்கிவிடுவதும் இதனாலேயே. 'நம்பிக்கையானவரிடந்தானே கொடுத்தோம்' என்பது மூன்றாவது வாதம். நம்பிக்கை மனிதரைப் பற்றியது. பழுதோ கருவியைப் பற்றியது. நம்பத்தக்கவரின் கணினியும் விற்கப்படும். அவரது தொலைபேசி இலக்கமும் மாறும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அனுமதியின்றி நுழைவதை இந்நாட்டிற் குற்றமாக்கியுள்ளது. நாமே வாசற்கதவைத் திறந்து அழைத்துவிட்டுச் சட்டத்தை எங்ஙனம் துணைக்கழைப்பது?

தமிழ்ச் சங்க மலரில் இதற்கு என்ன இடம் என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஒகுஸ்தே கெர்க்கோவ் என்பார் 1883இல் வகுத்த நெறியொன்று இன்றும் மறைகுறியியலின் அடிப்படையாக விளங்குகின்றது. அமைப்பு முழுவதும் பகைவர்க்குத் தெரிந்திருப்பினும், திறவுகோல் ஒன்று மட்டும் மறைந்திருந்தாற் பாதுகாப்புக் குன்றலாகாது என்பது அதன் சாரம். நம்மிடையே நிகழ்வது இதற்கு நேர்மாறானது. திறவுகோல் ஊரறிந்த பொருளாயிற்று. அமைப்போ ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பிழைச்செய்திகளுக்குள் மறைந்து கிடக்கின்றது. அச்செய்திகளைப் படித்தறியாதவர் வெட்கத்தோடு சாவியை நீட்டுகின்றார். அமைப்பைத் தமிழில் வெளிப்படையாக எழுதுவதே சாவியை மறைவாக வைத்திருக்கும் வழி. அதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் செய்யாவிடின் வேறு யார் செய்வர்? செய்யுள்களுக்குப் பதவுரை எழுதிப் பழகிய நாம், ஒரு பிழைச்செய்திக்குப் பதவுரை எழுத நாணுவது ஏன்?

இங்கு முதற் குற்றவாளிகள் கற்றோராகிய நாமே. துறைக் கணினியில் முதன்மைக் கடவுச்சொல் இன்றித் தம் அஞ்சலைத் திறந்து வைத்துச் செல்லும் விரிவுரையாளர், தோட்டத்து இளைஞரிடம் எச்சரிக்கையை எதிர்பார்த்தல் நியாயமன்று. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் லயத்தில் நால்வருக்கேனும் அவரவர் கடவுச்சொல்லை அவரவர் கையாற் பதியக் கற்பித்தல் வேண்டும்; மீட்பு இலக்கம் யாருடையது எனக் கேட்டல் வேண்டும்; உதவும்போதும் கடவுச்சொல் பதியும் வேளையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பண்பைப் பழகுதல் வேண்டும்.

ஒரு காலத்தில் மலையகத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அச்சீட்டு அவரது கடனோடு பிணைந்திருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. தம் பெயருக்குரிய சீட்டுப் பிறர் கையில் இருப்பதன் பொருளை அம்மக்கள் தம் வாழ்வாலே அறிந்தவர்கள். அவர்தம் பேரர்கள் அத்தகையதொரு சீட்டைத் தாமே எழுதி, மடித்து, மேசைக்கு மேலாக நீட்டிக்கொண்டிருப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.