மீன் இழுக்கிற பக்கம் படகு போகும்

பார்க்டேலில் வளர்ந்த எங்களில் பலருக்கு ஒன்ராறியோ ஏரி என்பது பஸ் யன்னலால் தெரிகிற ஒரு நீலக் கோடு. 1958இல் கார்டினர் நெடுஞ்சாலையின் முதல் துண்டு, ஹம்பர் ஆற்றிலிருந்து ஜேம்சன் அவெனியூ வரை திறந்தார்கள். எங்கள் தெருவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மதில் கட்டின மாதிரி. ஆனால் ஒரு நடைபாலத்தைக் கடந்தால் சன்னிசைட். அங்கிருந்து கயாக்கில் துடுப்புப் போட்டால் ஹம்பர் விரிகுடா. ஓகஸ்ட் கடைசியில் ஆற்றில் ஏறுவதற்காக சினூக் சால்மன்கள் அங்கே கூடும். 20 இறாத்தல் என்பது அவற்றுக்குச் சாதாரணம்.

அப்படி ஒன்று தூண்டிலில் மாட்டினால், கரையில் நிற்பவருக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான். கயாக்கில் இருப்பவரை மீன் இழுத்துக்கொண்டே போகும். 9 கிலோ மீன், 100 கிலோ ஆளையும் படகையும்! மந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் மிதக்கிற படகு விட்டுக்கொடுக்கும். அதனால் நூல் அறாது, படகை இழுத்து இழுத்தே மீன் களைக்கும். பெரிய மோட்டார் படகில் இந்தச் சுகம் வராது என்பது என் கட்சி.

"வெள்ளைக்காரன்ர விளையாட்டு" என்று வீட்டில் சொல்வார்கள். விடுங்கள். ஆங்கிலத்தின் 'கட்டமரான்' எங்கள் கட்டுமரம்தான். அந்த மரத்தில் கடலுக்குப் போய்ச் சுறாவோடு மல்லுக்கட்டியவர்களின் வாழ்க்கையை ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' நாவலில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர்களுக்கு அது சோறு. அதனால்தான், படம் எடுப்பதற்காகப் பத்து மீனைக் களைக்கவைத்து விடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஒன்றைப் பிடியுங்கள், தூண்டிலைச் சுருட்டுங்கள், கறி வையுங்கள். பெரிய மீனில் பாதரசமும் பிசிபியும் சேர்ந்திருக்கும்; எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசின் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுங்கள்.

ஒன்ராறியோவில் இருக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்ற விதி எல்லாருக்கும்தான். உயிர்காப்பு அங்கி படகில் இருக்கவேண்டும் என்று சட்டம். நான் சொல்வது, உடம்பில் இருக்கவேண்டும். மே மாதம் வெயில் எறித்தாலும் ஏரித் தண்ணீர் 10 பாகைக்குக் கீழே கிடக்கும், நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சடைக்கும். வடக்குக் காற்று அடித்தால் இறங்கவே வேண்டாம். கரையில் ஏரி தட்டையாகத்தான் தெரியும். காற்று உங்களை நியூயோர்க் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.